லெகோவில் ஐ.சி.எஃப். பெட்டி: வளைவில் ஓட்டிப் பார்க்கும் முன் கிட்டுக்குப் பணம் கட்டாதீர்கள்

கேள்வி: நான் அயனாவரத்தில் இருக்கிறேன். அப்பா ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. பழைய நீல நிற ஸ்லீப்பர் பெட்டிகள் மூன்றை லெகோவில் செய்து தர ஆசை. லெகோ வடிவங்கள் வரையும் ஸ்டூடியோ மென்பொருளில் 8 ஸ்டட் (கட்டையின் மேலுள்ள குமிழ்) அகலம், 52 ஸ்டட் நீளம் என்று வரைந்துவிட்டேன். லெகோ ரயில் செட்டோடு வந்த வட்டத் தண்டவாளம் வீட்டில் இருக்கிறது. இணையத்தில் பழக்கமான ஒருவர், "கோப்பை அனுப்புங்கள், எல்லாப் பாகமும் சேர்த்து கிட்டாகத் தருகிறேன், முழுப் பணமும் முன்னாடியே வேண்டும்" என்கிறார். இவ்வளவு நீளப் பெட்டி அந்த வளைவில் ஓடுமா? நம்பிப் பணம் கட்டலாமா?

பதில்: ஓடாது. பணமும் கட்டாதீர்கள். முதலில் பெட்டியைப் பார்ப்போம், அந்த ஆளைப் பற்றி அப்புறம் பேசலாம்.

உங்கள் கணக்கில் பிழை இல்லை. நிஜ ஐ.சி.எஃப். பெட்டி ஏறக்குறைய 21.3 மீட்டர் நீளம், 3.25 மீட்டர் அகலம். லெகோவில் ஒரு ஸ்டட் 8 மில்லிமீட்டர். 8 ஸ்டட் அகலம் என்றால் 64 மில்லிமீட்டர். அதே விகிதத்தில் நீளத்தைச் சுருக்கினால் 52, 53 ஸ்டட்தான் வரும். நம் அகலப் பாதைக்கு 8 ஸ்டட் பொருத்தமும்கூட. 6 ஸ்டட்டில் செய்தால் பெட்டி ஒல்லியாகவும் தண்டவாளம் ஊதிப்போனதாகவும் தெரியும். ஆக, அகலத்தை மாற்ற வேண்டாம்.

சிக்கல் தண்டவாளத்தில் இருக்கிறது. செட்டோடு வரும் வளைவுத் துண்டின் ஆரம் 40 ஸ்டட், அதாவது 32 சென்டிமீட்டர். பதினாறு துண்டு சேர்த்தால் முழு வட்டம். 1991-ல் 9 வோல்ட் ரயில் வந்தபோதும் இதே ஆரம், 2018-ல் பவர்டு அப் என்ற புதிய மோட்டார் வகை வந்தபோதும் இதே ஆரம். மோட்டாரை மாற்றினார்கள், ரிமோட்டை மாற்றினார்கள், எமரால்டு நைட் மாதிரி பெரியவர்களுக்கான ரயில்களை வெளியிட்டார்கள். பெட்டிக்குள் வரும் வளைவை மட்டும் குழந்தைகள் அறையின் அளவிலேயே வைத்திருக்கிறார்கள். இதில் எனக்குப் பல வருடக் கோபம் உண்டு.

அந்த வளைவில் உங்கள் 52 ஸ்டட் பெட்டி என்ன ஆகும்? அடியில் சக்கரங்களோடு திரும்பும் சட்டங்களைத்தான் நான் போகி என்கிறேன். நிஜப் பெட்டியில் இரண்டு போகிகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 14.78 மீட்டர். உங்கள் அளவில் அது 36 ஸ்டட். இரண்டு போகியும் வளைந்த தண்டவாளத்தில் நிற்கும், பெட்டியோ நேராகத்தான் இருக்கும். மாடிப்படித் திருப்பத்தில் கட்டில் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு திரும்புகிற அதே தொல்லை. பெட்டியின் நடுப்பகுதி வளைவின் உள்பக்கமாக 34 மில்லிமீட்டர் தள்ளிப்போகும். இரண்டு முனைகளும் வெளிப்பக்கமாக 33 மில்லிமீட்டர் துருத்தும். தண்டவாளத்தின் நடுவிலிருந்து ஒவ்வொரு கம்பியும் 20 மில்லிமீட்டர் தூரத்தில் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். அப்படியென்றால் பெட்டியின் நடுக்கோடே உள்கம்பியைத் தாண்டி வெளியே தொங்கும். தனிப் பெட்டியாக மெல்லத் தள்ளினால் ஒருவேளை சுற்றிவரும். மூன்றை இணைத்து இழுத்தால் கவிழும்.

நீளத்தை 40 ஸ்டட்டாகக் குறையுங்கள். போகி நடுப்புள்ளிகளை 28 ஸ்டட் இடைவெளியில் வையுங்கள். நிஜப் பெட்டியின் விகிதமும் ஏறக்குறைய இதுதான். இப்போது நடுப்பகுதி உள்ளே 20 மில்லிமீட்டர், முனைகள் வெளியே 20 மில்லிமீட்டர் என்று சமமாகப் பிரிந்துவிடும். வளைவில் தண்டவாள நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஐந்தரை சென்டிமீட்டருக்குள் நடைமேடை, கம்பம் எதுவும் வைக்காதீர்கள்.

நீளத்தைக் குறைத்தால் அப்பா கண்டுபிடித்துவிடுவாரோ என்று பயம் வரும். ஐ.சி.எஃப். ஸ்லீப்பரில் எட்டு எட்டுப் படுக்கையாக ஒன்பது பகுதிகள், மொத்தம் 72. நீங்கள் ஏழு பகுதிகள் வையுங்கள், பகுதிக்கு 4 ஸ்டட். 28 ஸ்டட் ஆயிற்று. மிச்சம் பக்கத்துக்கு 6 ஸ்டட், அதில் கதவும் கழிவறை ஜன்னலும் அடங்கிவிடும். ஏழு பகுதியும் சரியாகப் போகிகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உட்காரும். ஒவ்வொரு பகுதியிலும் இரண்டு ஜன்னல் இருக்க வேண்டும், அதை மட்டும் குறைக்காதீர்கள். ஒன்பது பகுதியையும் திணித்து ஜன்னலை ஒன்றாக்கினால்தான் வேறு ஏதோ நாட்டுப் பெட்டி போல ஆகிவிடும். ஜன்னல் கம்பிக்கு 1×2 கிரில் டைலை (மேலே கோடுகள் உள்ள மெல்லிய துண்டு) பக்கவாட்டில், கோடுகள் கிடையாக வரும்படி பொருத்துங்கள். நம்மூர் ரயில் என்று ஒரே பார்வையில் சொல்ல வைப்பது அந்தக் கம்பிதான்.

இனி தடம் புரள வைக்கும் மூன்று இடங்கள்.

ஒன்று, பெட்டிகளைக் கோர்க்கும் காந்த இணைப்பு. அதைப் பெட்டியின் உடலில் பொருத்தாதீர்கள், போகியில்தான் பொருத்த வேண்டும். அழகுக்காகப் பலர் உடலில் வைக்கிறார்கள். வளைவு ஒரே பக்கமாகப் போகும்வரை தாக்குப்பிடிக்கும். எஸ் போல எதிரெதிராக வளையும் இடத்தில் ஒரு பெட்டியின் முனை இடப்பக்கம் 20 மில்லிமீட்டர் போகும், அடுத்ததன் முனை வலப்பக்கம் 20 போகும். நடுவில் நாலு சென்டிமீட்டர் விலகல். காந்தம் விடாது, சக்கரம் விட்டுவிடும்.

இரண்டு, வாசல் படிக்கட்டு. ஐ.சி.எஃப். பெட்டியில் கதவுகள் முனைகளில் இருப்பதால் படிக்கட்டும் போகிக்குப் பக்கத்திலேயே வரும். இந்த வளைவில் போகி ஏறத்தாழ 20 டிகிரி திரும்பும். அப்போது அதன் மூலை நேராகப் படிக்கட்டில் இடிக்கும். கணினித் திரையில் பெட்டி நேராக நிற்பதால் இது தெரியவே தெரியாது. மென்பொருளில் போகியை 20 டிகிரி இடப்பக்கமும் வலப்பக்கமும் திருப்பிப் பாருங்கள். இடித்தால் படிக்கட்டைப் போகியோடு சேர்த்துவிடுங்கள், அதுவும் சேர்ந்தே திரும்பட்டும்.

மூன்று, தளம். 40 ஸ்டட்டுக்கு ஒரே பிளேட் (தட்டையான கட்டை) கிடைக்காது. இரண்டு அடுக்காகப் போட்டு, மேல் அடுக்கின் மூட்டு கீழ் அடுக்கின் மூட்டுக்கு மேல் வராமல் மாற்றி மாற்றி வையுங்கள். இல்லாவிட்டால் கொஞ்ச நாளில் நடுவில் தொய்ந்து, அடியில் தொங்கும் பேட்டரிப் பெட்டி தண்டவாளத்தில் உரசும். சக்கரத்துக்கு உலோக அச்சு உள்ளதையே வாங்குங்கள்.

"52 ஸ்டட்டையே வைத்துக்கொள்ள வழியே இல்லையா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இருக்கிறது, ஆனால் கவனமாகப் படியுங்கள். பிரிக்டிராக்ஸ் போன்ற வேறு தயாரிப்பாளர்கள் அகல வளைவுகளை விற்கிறார்கள். ஆரம் 104 ஸ்டட் உள்ள வளைவில் உங்கள் பெட்டியின் நடுப்பகுதி 13 மில்லிமீட்டர்தான் உள்ளே போகும், நன்றாகவே ஓடும். ஆனால் அந்த வட்டத்துக்கு மட்டும் 1.73 மீட்டருக்கு 1.73 மீட்டர் இடம் வேண்டும். கட்டில், பீரோ போக அயனாவரத்து அறை ஒன்றில் அவ்வளவு தரை மிஞ்சுமா என்று அளந்து பாருங்கள். தரை இருந்தாலும் போதாது. தண்டவாளத்தில் கிளை பிரிக்கும் பாயிண்ட் ஒன்று இருந்து, அது செட்டோடு வந்த பழைய பாயிண்டாக இருந்தால், அதன் வளைவு மீண்டும் 40 ஸ்டட் கணக்குத்தான். வட்டம் முழுக்க அகலமாக இருந்தும் அந்த ஒரே இடத்தில் பெட்டி கவிழும். அப்படியானால் பாயிண்டையும் மாற்ற வேண்டும், அல்லது பாயிண்டே இல்லாமல் ஓட்ட வேண்டும். நண்பர் வீட்டுத் தண்டவாளத்தில் ஓட்ட எடுத்துப்போனாலும் அங்கேயும் இதே கேள்வி வரும். வட்டம், பாயிண்ட், தரை மூன்றும் சரியாக இருந்தால் மட்டுமே 52. ஒன்று குறைந்தாலும் 40.

சரி, இப்போது கிட் தருகிறேன் என்பவர்.

முதல் விஷயம், கோப்பை யாருக்கும் அனுப்பாதீர்கள். பாகங்கள் வாங்குவதற்குப் பாகப் பட்டியல் போதும்: எந்தப் பாகம், எந்த நிறம், எத்தனை. முழு வடிவமைப்புக் கோப்பு கையில் கிடைத்தால் அதைத் தன் பெயரில் விற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு நண்பர் ராத்திரி ராத்திரியாக வரைந்த எஞ்சினின் செய்முறை, இரண்டே மாதத்தில் வேறொருவர் கடையில் விலைக்கு வந்தது. எங்கே புகார் செய்தும் பலன் இல்லை.

இரண்டாவது விஷயம், நிறம். கோப்பை வாங்கிக்கொண்டு உடனே "எல்லாம் கிடைக்கும்" என்று சொல்பவரை நம்பவே நம்பாதீர்கள். மென்பொருளில் எந்தப் பாகத்துக்கும் எந்த நிறத்தையும் பூசலாம். நிஜத்தில் லெகோ ஒவ்வொரு பாகத்தையும் எல்லா நிறத்திலும் வார்ப்பதில்லை. உங்கள் கருநீலத்தில் சில பாகங்கள் வந்ததே இல்லாமல் இருக்கலாம், சில பாகங்கள் ஏதோ ஒரு பழைய செட்டில் மட்டும் வந்து விலை ஏறிக் கிடக்கலாம். நேர்மையான விற்பனையாளர் பட்டியலைப் பார்த்ததும் "இந்த நாலு பாகம் கருநீலத்தில் இல்லை, மாற்றுங்கள்" என்பார். மற்றவர் வாயைத் திறக்கமாட்டார். பணம் வந்தபிறகு போலிக் கட்டைகளையோ வேறு நீலத்தையோ கலந்து அனுப்புவார். பிரிக்கும்போது கவரில் தெரியாது, கட்டி முடித்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்ததும் பெட்டியின் பக்கச்சுவர் திட்டுத்திட்டாக இருக்கும். ஸ்டூடியோவில் கிடைக்காத நிறங்களை மறைக்கும் வசதி இருக்கிறது. இன்றே அதைப் போட்டு, உங்கள் பெட்டியை ஒருமுறை முழுக்கச் சரிபாருங்கள். நீலம் ரொம்பவும் படுத்தினால், அதற்கு முந்தைய காலத்துச் செந்நிறப் பெட்டியாகச் செய்யலாம். அப்பா வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அந்த நிறமாகத்தான் இருந்திருக்கும், அவருக்கு இன்னும் பிடிக்கக்கூடும்.

மூன்றாவது, விலை. அவர் மொத்தத் தொகை ஒன்றைத்தான் சொல்லியிருப்பார். பாகவாரியாகக் கேளுங்கள். லெகோ பாகங்கள் விற்கும் பிரிக்லிங்க் தளத்தில் ஒவ்வொரு பாகமும் கடந்த ஆறு மாதத்தில் என்ன விலைக்கு விற்றது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஸ்டூடியோவிலிருந்தே பட்டியலை அங்கே ஏற்றிவிடலாம். அரை மணி நேர வேலை. அதைச் செய்யாமல் இடைத்தரகரிடம் போனால், அந்த அரை மணி நேரத்துக்குத்தான் அவர் கூலி வாங்குகிறார். சுங்க வரி அவர் சொன்ன விலைக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். "பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, இன்னும் இவ்வளவு போடுங்கள்" என்ற அழைப்பு வழக்கமாக இரண்டாவது மாதம் வரும்.

வரியைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியவில்லை. வெளிநாட்டு பொம்மைக்கு 20 சதவீதமாக இருந்த சுங்க வரியை 2020-ல் 60 ஆக்கினார்கள், 2023-ல் 70 ஆக்கினார்கள். 2021 ஜனவரியிலிருந்து ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். தரமில்லாத பொம்மை குழந்தைகளின் கைக்குப் போகக்கூடாது என்ற நோக்கம் சரியானதுதான். ஆனால் பெரம்பூரில் 1955-லிருந்து இந்த நாட்டுக்கே பெட்டி செய்து தந்த தொழிற்சாலையின் ஓய்வுபெற்ற ஊழியருக்கு, அவர் மகன் அதே பெட்டியைச் செய்து தர நினைத்தால், நாலு சக்கரத்துக்கும் இரண்டு காந்தத்துக்கும் இவ்வளவு அலைச்சல். இந்தக் கதவுகளை எல்லாம் மூடி வைத்திருப்பதால்தான் இடைத்தரகர் பிழைக்கிறார். நம்மூரில் உதிரிப் பாகம் நேர்மையான விலைக்குக் கிடைத்தால் அவரிடம் யார் போகப்போகிறார்கள்?

நீங்கள் செய்ய வேண்டியது: மூன்று பெட்டிக்கும் சேர்த்து வாங்காதீர்கள். முதலில் ஒரு பெட்டியின் தளம், இரண்டு போகி, காந்தம், சக்கரம் மட்டும் வாங்குங்கள். இந்தப் பாகங்கள் கருப்பில் தாராளமாகக் கிடைக்கும். பக்கச்சுவர் இல்லாமலேயே அதை எஞ்சினோடு இணைத்து, வட்டத்தில் முன்னாலும் பின்னாலும் ஓட்டுங்கள். பின்னால் தள்ளும்போதுதான் குறை வெளியே வரும், அதனால் அதை அதிக நேரம் செய்யுங்கள். கூரையின் பாரத்துக்குப் பதிலாகக் கையில் இருக்கும் கட்டைகளை மேலே அடுக்கிக்கொள்ளலாம்.

அது ஓடியபிறகு கருநீலப் பாகங்களுக்குச் சொல்லுங்கள். மூன்று பெட்டிக்குமான நீலத்தையும் முடிந்தவரை ஒரே விற்பனையாளரிடம் வாங்கினால் நிற வேறுபாடு குறையும். இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரம்பூர் ரயில் அருங்காட்சியகத்துக்குப் போய், பழைய பெட்டியின் அடிப்பகுதியைப் படமெடுத்து வாருங்கள். பேட்டரிப் பெட்டி எங்கே தொங்குகிறது என்பதை இணையப் படங்களில் சரியாகக் காட்டமாட்டார்கள், உங்கள் அப்பாவோ முதலில் குனிந்து அங்கேதான் பார்ப்பார். நான்கு மாதம் போதும், ஆனால் சக்கரத்துக்கான ஆர்டர் இந்த வாரமே போக வேண்டும். பார்சல் சுங்கத்தில் எத்தனை நாள் நிற்கும் என்று யாராலும் சொல்லமுடியாது.