ஊர் பார்க்காமல் வரைந்த வரைபடங்கள் (கடிதம்)

வணக்கம்,

பிரெஞ்சு வரைபட அறிஞர் தான்வில் பற்றிச் சமீபத்தில் படித்தேன். பாரிஸை விட்டு அதிகம் வெளியே போகாதவர் பண்டைய ரோமையும் கிரேக்கத்தையும் எகிப்தையும் எப்படித் துல்லியமாக வரைந்தார்? பழைய நூல்களில் உள்ள தூரங்களை நம்ப முடியுமா? அவருடைய ஆப்பிரிக்க வரைபடத்தின் நடுப்பகுதி வெறுமையாக இருக்கிறதே, அது முடிக்காத வேலையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ழான் பாப்டிஸ்ட் தான்வில் (1697–1782) சிறுவயதில் லத்தீன் நூல்களைப் படிக்கும்போதே அவற்றுக்கு வரைபடம் போட ஆரம்பித்தவர். பண்டைய கிரேக்க வரைபடத்தை வெளியிட்டபோது அவருக்கு வயது 15. அவருடைய உண்மையான கருவி அளவைகள் பற்றிய அறிவுதான். 1769ல் பழைய, புதிய வழித்தூர அளவைகளுக்கென்றே தனி நூல் எழுதினார். என் பார்வையில் அவருடைய மற்ற வேலைகளுக்கெல்லாம் அடித்தளம் அந்த ஆராய்ச்சிதான்.

ரோமானிய மைல் என்பது 5,000 ரோமானிய அடி. அதை அவர் பழைய பிரெஞ்சு நீள அளவில் 756 துவாஸ் என்று கணித்தார். துவாஸ் என்பது 6 பாரிஸ் அடி, ஏறத்தாழ 1.949 மீட்டர். அப்படியானால் மைலுக்கு 1,473 மீட்டர் வருகிறது. இன்று பொதுவாக ஏற்கப்படுவது 1,480 மீட்டர் அளவில்.

ரோமிலிருந்து தெற்கே தெராசினா என்ற ஊர் வரை போகும் பழைய ரோமானியச் சாலையான அப்பியாவை எடுத்துக்கொள்ளுங்கள். ரோமானியச் சாலைகளின் ஊர்களையும் தூரங்களையும் பட்டியலிடும் பழைய நூலான அந்தோனினஸ் பயண ஏட்டில் இடைத்தூரங்கள் 16, 17, 10, 18 என்று இருக்கின்றன. மொத்தம் 61 மைல். 756ஆல் பெருக்கினால் 46,116 துவாஸ், சுமார் 90 கிலோமீட்டர். மைலுக்கு 10 துவாஸ் கூடுதலாக வைத்துவிட்டால் இந்த ஒரு சாலையிலேயே 610 துவாஸ், அதாவது 1,190 மீட்டர் பிசகும். நாடு முழுக்க அப்படிச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

ஏட்டுத் தூரத்தை அப்படியே வரைபடத்தில் வைக்கவும் முடியாது. அது நடந்த தூரம். அப்பியா சாலை பெரும்பாலும் நேராக ஓடுவதால் அங்கே கழிக்க வேண்டியது குறைவு, மலைப்பாதை என்றால் நிறையக் கழிக்க வேண்டும். பிரதி எடுத்தவர்களின் பிழை இன்னொரு தொல்லை. ரோமானிய எண்ணில் V என்பது II ஆகிவிடும், ஒரு X விழுந்துபோகும். பயண ஏடு மொத்தத் தூரத்தையும் இடைத்தூரங்களையும் தனித்தனியாகத் தருவது இங்கே கைகொடுக்கிறது. இரண்டும் ஒத்துவராத இடத்தில் பிழை இருக்கிறது என்று தெரிந்துவிடும். வேறு பிரதி, வேறு சாலை, வானியல் முறையில் கண்ட அட்சரேகை என்று ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டுத்தான் எண்ணை முடிவுசெய்ய வேண்டும்.

இத்தாலி வரைபடத்தோடு 1744ல் அவர் வெளியிட்ட விளக்க நூல் இப்படிப்பட்ட வாதங்களால் ஆனது. அதுவரை வரையப்பட்டுவந்த இத்தாலி உண்மையை விடப் பெரிது என்று பாரிஸில் உட்கார்ந்தபடியே காட்டினார். பின்னர் 1750களில் போஸ்கோவிச், மேர் என்ற இரண்டு இயேசு சபை அறிஞர்கள் போப்பின் ஆட்சிப்பகுதியை நேரில் அளந்த முடிவுகள் அவர் பக்கமே நின்றன.

ஆப்பிரிக்காவுக்கு வருவோம். 1749ல் வெளிவந்த அந்த வரைபடம் முடிக்காத வேலை அல்ல. முந்தையவர்கள் செவிவழிச் செய்தியை வைத்து நிரப்பியிருந்த ஏரிகளையும் அரசுகளையும் ஆதாரம் கேட்டு நீக்கினார். விற்பனைக்கான வரைபடத்தில் காலியிடம் விட நெஞ்சுரம் வேண்டும். அவர் செய்தவற்றில் நான் அதிகம் மதிப்பது இதைத்தான்.

சறுக்கலும் உண்டு. 1735, 36ல் தரைத்தூரங்களை வைத்துப் பூமி நடுக்கோட்டில் ஒடுங்கியது என்று வாதிட்டார். ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள லாப்லாந்தில் அளந்துவிட்டு 1737ல் திரும்பிய பிரெஞ்சு அறிஞர் மொபெர்த்துயியின் குழு அதற்கு நேர்மாறாக, துருவங்களில் தட்டையானது என்று காட்டியது. பயணிகள் சொல்லும் தூரத்தில் உள்ள பிழை, அவர் தேடிய வித்தியாசத்தை விடப் பெரியது. ஊர்களை நிறுத்தப் போதுமான சான்று பூமியின் வடிவத்தைத் தீர்க்கப் போதாது.

நீங்களே பார்க்க விரும்பினால் பிரான்ஸ் தேசிய நூலகத்தின் காலிக்கா தளத்தில் அவர் வரைபடங்கள் கிடைக்கும். முதலில் ஓரத்தைக் கவனியுங்கள். தீர்க்கரேகை கேனரித் தீவுகளில் ஒன்றான ஃபெரோவிலிருந்து எண்ணப்பட்டிருந்தால் 17 பாகை 40 கலை (17°40′) கழித்தால்தான் கிரீனிச் கணக்கு வரும். அடுத்து அளவுகோல்கள். ரோமானிய மைல், கிரேக்க ஸ்டேடியம், பிரெஞ்சு லியூ என்று பல இருக்கும், ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டால் எல்லாம் தப்பும். நமக்கு நெருக்கமானது வேண்டுமென்றால் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக 1752ல் வரைந்த இந்திய வரைபடமும் 1753ன் சோழமண்டலக் கரை வரைபடமும் இருக்கின்றன. அதே 1753ல் வந்த விளக்க நூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். எந்த ஊரை எந்தச் சான்றின்மேல் வைத்தார் என்பது அதில்தான் இருக்கிறது.