பாட்டிலும் பாட்டும்

அன்புள்ள ஐயா,

11 வருடமாக கிளாஸ்கோவில் இருக்கிறோம். மகனுக்கு 14 வயது. வீட்டுக்குப் பக்கத்தில் நல்ல பள்ளி என்று கத்தோலிக்கப் பள்ளியில் சேர்த்தோம். இப்போது அவன் செல்டிக் கால்பந்துக் கிளப் பைத்தியம். போன வாரம் நண்பர்களோடு தெருவில் ஏதோ பாடிக்கொண்டு வந்தான். வரிகளை இணையத்தில் தேடினேன். ஐரிஷ் ஆயுதப் போராட்டத்தைப் புகழும் பாட்டு! பயந்துவிட்டேன். நாங்கள் சைவ இந்துக்கள், எங்களுக்கு எதற்கு இந்தக் கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் சண்டை? கால்பந்து ஆட்டங்களில் இதைத் தடுக்கத் தனிச்சட்டமே இருந்ததாம், 2018-ல் ரத்து செய்துவிட்டார்களாம். நல்ல சட்டத்தை ஏன் எடுத்தார்கள்? 2024-ல் நடைமுறைக்கு வந்த வெறுப்புக் குற்றச் சட்டம் போதுமா? இவனை மைதானத்துக்கு அனுப்பலாமா?

ஆர்., கிளாஸ்கோ

அன்புள்ள ஆர்.,

நீங்கள் சொல்லும், ரத்தான அந்தச் சட்டத்தில் ஒரு உட்பிரிவு இருந்தது. சில மாதங்களாக அது என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு திட்டு. ‘எங்களுக்கு எதற்கு இந்தச் சண்டை’ என்கிறீர்கள். அந்த ஊரில் பள்ளி வேண்டும், வீடு வேண்டும், அந்த ஊரின் பழைய காயம் மட்டும் வேண்டாமா? 1887-ல் வால்ஃப்ரிட் என்ற ஐரிஷ் துறவி செல்டிக்கைத் தொடங்கியது எதற்கு? கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் பிழைக்க வந்த ஏழை ஐரிஷ் குடும்பங்களின் பிள்ளைகளுக்குச் சோறு போடப் பணம் திரட்டத்தான். வந்தேறிகளின் கிளப் அது. ஒரு வந்தேறியின் மகன் போய் அதில் ஒட்டிக்கொண்டதில் என்ன ஆச்சரியம்?

சரி, சட்டத்துக்கு வருவோம். 2011 மார்ச்சில் செல்டிக்குக்கும் அதன் பரம எதிரியான, புராட்டஸ்டண்டுகள் ஆதரிக்கும் நீல நிற கிளப் ரேஞ்சர்ஸுக்கும் நடந்த ஆட்டத்தில் ரேஞ்சர்ஸ் வீரர்கள் மூன்று பேருக்குச் சிவப்பு அட்டை. ஆட்டம் முடிந்ததும் மைதானத்தின் ஓரத்திலேயே செல்டிக் மேலாளர் நீல் லெனனுக்கும் ரேஞ்சர்ஸின் துணை மேலாளர் ஆலி மெக்காய்ஸ்டுக்கும் மோதல். அதே காலத்தில் லெனனுக்கு வெடிப் பார்சலும் அனுப்பினார்கள். நாடே கொதித்தது. கொதிக்கும்போது அரசியல்வாதிகள் செய்வதை ஸ்காட்லாந்தின் அப்போதைய முதல் மந்திரி அலெக்ஸ் சால்மண்டின் அரசும் செய்தது. எதிர்க்கட்சிகள் எல்லாம் கூடாது என்று சொல்லியும், டிசம்பரில் 64-க்கு 57 என்ற வாக்கில் சட்டம் நிறைவேறியது. அதிகபட்சத் தண்டனை 5 ஆண்டுச் சிறை.

இப்போது அந்த உட்பிரிவு. வெறுப்பைக் கக்கினால் குற்றம், மிரட்டினால் குற்றம், புரிகிறது. அதோடு, ‘நியாயமான ஒரு மனிதர் புண்படுத்துவதாகக் கருதக்கூடிய’ நடத்தையும் குற்றம். கலவரத்தைத் தூண்டும்படி இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை உண்டு. ஆனால் அடுத்த வரியிலேயே அதைத் தளர்த்திவிடுகிறார்கள்: தூண்டப்படக்கூடியவர்கள் அந்த இடத்தில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இன்னொரு முறை படித்துப் பாருங்கள். கோபப்பட ஆளே இல்லை. இருந்திருந்தால் கோபப்பட்டிருப்பான் என்று போலீஸ்காரர் ஊகிக்க வேண்டும். அந்த ஊகத்துக்குச் சிறை. வராத ஆளுக்காக வழக்கு! சிலுவைக் குறி போடுவதும் தேசிய கீதம் பாடுவதும்கூடச் சில சூழ்நிலைகளில் குற்றமாகலாம் என்று அப்போதைய அமைச்சர் ரோசன்னா கன்னிங்ஹாமே சொன்னார். டிவியில் ஆட்டம் போட்டிருக்கும் பப்பில் பாடினாலும் இந்தச் சட்டம் பாயும், வீட்டில் பாடினால் பாயாது. அதே பாட்டை ரக்பி மைதானத்தில் பாடினாலும் இந்தச் சட்டம் தொடாது. இதெல்லாம் போகட்டும், வராத ஆளைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை.

டண்டீயில் ரிச்சர்ட் டேவிட்சன் என்று ஒரு ஷெரிஃப் (அங்கே ஷெரிஃப் என்றால் நீதிபதி). 2013-ல் இந்தச் சட்டத்தை ‘மின்ஸ்’ என்றார். மின்ஸ் என்றால் கொத்துக்கறி. ஸ்காட்லாந்துக்காரர்கள் வாயில் அதற்கு உளறல் என்றும் பொருள்.

வெடிப் பார்சல் அனுப்பிய இருவருக்கு 5 ஆண்டு கிடைத்தது. எந்தச் சட்டத்தில்? தாக்குவதற்குச் சதி செய்தார்கள் என்ற பழைய குற்றச்சாட்டில்தான். புதியது எதுவும் தேவைப்படவில்லை.

அப்படியானால் கால்பந்துக்குச் சட்டமே கூடாதா என்று கேட்பீர்கள். கூடும். 1980 மே மாதம் ஹாம்ப்டன் மைதானத்தில் செல்டிக், ரேஞ்சர்ஸ் கோப்பை இறுதியாட்டம். செல்டிக் 1-0 என்று ஜெயித்ததும் இரண்டு பக்க ரசிகர்களும் புல்தரையில் இறங்கி அடித்துக்கொண்டார்கள். குதிரைப் போலீஸ் இறங்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு சட்டம் வந்தது: மைதானத்துக்குள் மதுவைக் கொண்டுபோகக் கூடாது, ரசிகர்களை ஏற்றிவரும் பேருந்திலும் கூடாது. இன்றும் பொது இருக்கைகளில் மது கிடையாது. (தனி அறையில் விருந்து சாப்பிடும் பணக்கார ரசிகருக்கு ஒயின் உண்டு. அது வேறு கதை.) அந்தச் சட்டம் ஏன் நிலைத்தது? பாட்டில் கண்ணுக்குத் தெரியும். பையைத் திறந்தால் இருக்கும், அல்லது இருக்காது. பாட்டு அப்படியா?

நான் கிளாஸ்கோவுக்கு ஒரே ஒரு முறை வந்திருக்கிறேன். நல்ல குளிர். மனைவி பின்னிக் கொடுத்த நீல மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு நண்பரோடு ஒரு பப்புக்குப் போனேன். கால்பந்து நிறங்களுக்கு அனுமதி இல்லை என்று கதவில் எழுதியிருந்தது. வாசலில் நின்ற ஆள் பனைமர உயரம். கழற்றச் சொன்னார். “ஐயா, இது ரேஞ்சர்ஸ் இல்லை, என் மனைவி பின்னியது” என்றேன். சிரித்தார். “எனக்குத் தெரிகிறது. உள்ளே வரப்போகிறவனுக்குத் தெரியுமா?” என்றார்.

யோசித்தால் அவரும் வராத ஆளைத்தான் சொன்னார்! பல வருடம் கழித்து அந்த உட்பிரிவைப் படித்தபோது அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது. ஆனால் அவருடைய விதி கதவிலேயே எழுதியிருந்தது, கேட்டது ஒரு மஃப்ளரை மட்டும். கிளம்பும்போது நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். என் மனதில் என்ன இருந்தது என்று அவர் விசாரிக்கவில்லை.

2018 மார்ச்சில், ஜேம்ஸ் கெல்லி என்ற லேபர் கட்சி உறுப்பினர் கொண்டுவந்த மசோதாவில், 62-க்கு 60 என்று அந்தப் பாட்டுச் சட்டம் போனது. போனது நல்லது. வெறுப்புக் குற்றச் சட்டம் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அது இன்னொரு நாள்.

பையன்... ஆமாம், அவனை மறந்தே போனேன். அந்த வரிகளை இணையத்தில் தேடினீர்கள், எனக்கு எழுதினீர்கள். அவனிடம் கேட்டீர்களா, “டேய், இது யாருடைய பாட்டு, இதில் யார் செத்தார்கள் தெரியுமா” என்று? கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள். 14 வயதுப் பிள்ளையின் வாயில் இருக்கும் பாட்டுக்கு முதல் விசாரணை வீட்டில்தான் நடக்க வேண்டும், எடின்பரோ நாடாளுமன்றத்தில் அல்ல. அவனை மைதானத்துக்கு அனுப்பாதீர்கள், கூட்டிக்கொண்டு போங்கள். பக்கத்தில் உட்காருங்கள். எந்தப் பாட்டுக்கு அவன் எழுந்து நிற்கிறான், எதற்கு வாயை மூடிக்கொள்கிறான் என்று பாருங்கள்.

இடைவேளையில் குளிருக்கு இதமாகக் கோப்பையில் போவ்ரில் என்று சூடாக ஒன்று விற்பார்கள். சைவம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது மாட்டிறைச்சிச் சாறு, கேட்டுவிட்டு வாங்குங்கள்.