சவண்டலைக்கும் வெண்டிக்காய்க்கும் என்ன சொந்தம்? மரம், காளான் கேள்வி பதில்

மரம், செடி, காளான் பற்றி எதையெண்டாலும் கேளுங்கோ எண்டு சொன்னதுக்கு இவ்வளவு கேள்வி வரும் எண்டு நினைக்கேல்ல. ஒரே மாதிரி வந்ததையெல்லாம் ஒண்டாக்கிட்டன், பேர் போடேல்ல, ஊர் மட்டும்தான்.

உவர்மலை, ஏஎல் படிக்கிற பிள்ளை: சேர், காளானை மரக்கறிக் கடையிலதானே விக்கினம், பிறகேன் தாவரம் இல்லை எண்டு எழுதச் சொல்லுறீங்க?

கடைக்காரருக்கு வசதியா இருக்கு, விக்கிறார். 1969ல விற்றேக்கர் எண்ட விஞ்ஞானிதான் உயிர்களை ஐந்து இராச்சியம் எண்டு பிரிச்சு, காளானும் பூஞ்சணமும் இருக்கிற பங்கசுக் கூட்டத்தைத் தனியா வைச்சவர். காளானுக்கு பச்சையம் இல்லை, சாப்பாட்டை வெளியிலயே சமிக்க வைச்சு உறிஞ்சும், கலச்சுவர்ல இருக்கிறது கைற்றின், அதாவது நண்டுக் கோதில இருக்கிற அதே சாமான். மிச்சத்தை மாப்பொருளா வைக்காது, எங்கட ஈரல் மாதிரி கிளைக்கோசனா வைக்கும். 1993ல புரதம், ஆர்என்ஏ எல்லாம் ஒப்பிட்டுப் பாத்தா பங்கசு தாவரத்தை விட விலங்குக்குத்தான் கிட்ட எண்டு வந்திட்டுது. அப்ப விரதத்துக்குச் சாப்பிடலாமோ எண்டு என்னட்ட கேக்காதேங்கோ, ஐயரிட்ட கேளுங்கோ.

நிலாவெளி: வெங்காயத் தாள்ல சாம்பல் பூத்த மாதிரி வந்தது, கடையில பங்கசு மருந்து தந்தாங்கள், அடிச்சும் கேக்கேல்ல.

அண்ணை, பாக்காம இன்ன வருத்தம் எண்டு சொல்ல ஏலாது. ஆனா ஒண்டு, பூஞ்சணம் மாதிரி இருக்கிறதெல்லாம் பங்கசு இல்லை. அடிச்சாம்பல் நோயைத் தாற கூட்டமும், 1845ல அயர்லாந்தில உருளைக்கிழங்கை அழிச்ச கூட்டமும் நூல் நூலா வளர்ந்து வித்தி விடும், பாத்தா அச்சொட்டா பங்கசுதான், ஆனா கலச்சுவர்ல செலுலோசு இருக்கு, சொந்தம் பாத்தா கடல்ல கிடக்கிற கபில அல்காவுக்குத்தான், அதாவது மண்ணிறக் கடற்பாசிக்குத்தான் கிட்ட. சில மருந்து பங்கசு தனக்கெண்டு செய்யிற ஒரு கொழுப்பைத் தடுத்துத்தான் அதைக் கொல்லும், இவை அந்தக் கொழுப்பைச் செய்யிறதே இல்லை, பிறகு எப்பிடி வேலை செய்யும்? தாளை ஒரு பையில போட்டுக்கொண்டு போய் விவசாயப் போதனாசிரியரிட்ட காட்டிப்போட்டு மருந்து வாங்குங்கோ.

கனடாவில இருந்து எங்கட ஊர்க்காரர் ஒருத்தர்: வெள்ளைக்காரன் திருகோணமலை மரம் எண்டு சொன்னது எது? விஞ்ஞானப் பேரை ஏன் மாத்திக்கொண்டே இருக்கிறாங்கள்?

அது சவண்டலை, சிங்களத்தில ஹல்மில்ல. மதராஸ்ல கடற்கரையில ஓடின மசூலா படகுக்கு இங்க இருந்து போன பலகை. நான் படிக்கேக்க அதுக்கு வேற குடும்பம். 1998ல டிஎன்ஏயை வைச்சு பூக்கும் தாவரத்தை ஒரு பெரிய குழு திருப்பி அடுக்கினதில, அது செவ்வரத்தை, வெண்டி, பூவரசு, பருத்தி இருக்கிற வீட்டுக்குள்ள வந்திட்டுது. அந்த அடுக்கின் நாலாவது பதிப்பு 2016ல வந்தது, 416 குடும்பம்.

பேர் மாறுறது எனக்கும் எரிச்சல்தான். கறிவேப்பிலையை முறாயா கொனிகி எண்டு பாடமாக்கினம், இப்ப பெர்கெரா கொனிகி எண்டு எழுதுறாங்கள். கொனிகி மட்டும் தப்பிச்சுது, அது லின்னேயசின்ர மாணவர் கோனிக்கிட பேர், தரங்கம்பாடியில இருந்தவர், இலங்கைக்கும் வந்தவர். ஆனா சொந்தம் பிழை எண்டு தெரிஞ்ச பிறகும் பழைய பேரைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருக்க ஏலுமோ?

கிண்ணியா: கண்டலும் கண்ணாவும் ஒரே குடும்பமா சேர்? நோன்புக்குக் காய்ச்சுற கடற்பாசியும் தாவரமா?

இல்லை தங்கச்சி. ரெண்டும் கடலோர உப்புச் சேத்தில நிக்கிற மரம்தான், ஆனா கண்ணாவுக்குச் சொந்தக்காரர் ஆடாதோடை, இருமலுக்கு அவிக்கிறமே அதுதான். கண்டல் வேற குடும்பம். அதே சேத்துக்குள்ள நிக்கிற தில்லை ஆமணக்குக் குடும்பம், பால் கண்ணில பட்டா தெரியும். உப்புச் சேத்தில மூச்சு முட்டும், அதுக்கு கண்டல் மேலால கால் வைச்சு நிக்குது, கண்ணா பென்சில் பென்சிலா வேரை வெளிய நீட்டுது, தனித்தனியா வந்து ஒரே கஷ்டத்துக்கு தங்கட தங்கட வழியைக் கண்டு பிடிச்சிருக்கு. நோன்புக் கடற்பாசி சிவப்பு அல்கா, தாவரத்துக்குத் தூரத்து ஒன்றுவிட்ட சொந்தம் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ.

தம்பலகாமம்: தாமரையும் அல்லியும் சொந்தமா?

ஒரே குளம், வேற வேற வம்சம். தாமரைக்குக் கிட்டின சொந்தம் மலைநாட்டுத் தேயிலைக்குள்ள நிழலுக்கு வைச்ச கிரவிலியா மரப் பக்கம். டிஎன்ஏ பாக்காட்டி நானே நம்பியிருக்க மாட்டன்.

மூதூர், தமிழ் டீச்சர்: பனையைப் புல் எண்டு தொல்காப்பியம் சொல்லுதே, அது சரியா?

மரபியல்ல, வெளிய வைரம் இருந்தா புல், உள்ள வைரம் இருந்தா மரம் எண்டு வருது. பனையை அரிஞ்சு பாத்தவைக்குத் தெரியும், வைரம் வெளியில, நடுவில சோத்தி. ஒருவித்திலைக்கு, அதாவது விதையில ஒரு வித்திலை மட்டும் இருக்கிற கூட்டத்துக்கு, தண்டைப் பருக்க வைக்கிற மாறிழையம் இல்லாததாலதான் அப்பிடி. பனை, தென்னை, மூங்கில் மூண்டும் ஒருவித்திலைதான், ஆக கவனமாப் பாத்துத்தான் பிரிச்சிருக்கினம். அதுக்காக அந்தக் காலத்திலயே டிஎன்ஏ தெரியும் எண்டு கிளம்பாதேங்கோ. இதில பகிடி என்னெண்டா ஒருவித்திலைக் கூட்டம் இண்டைக்கும் நிக்குது, நாங்கள் பள்ளிக்கூடத்தில படிச்ச இருவித்திலைக் கூட்டம்தான் உடைஞ்சு போச்சு, மிளகும் கறுவாவும் அல்லியும் அதில இருந்து விலகிட்டுது.

கன பேர், போட்டோவோட: இந்தக் காளானைச் சாப்பிடலாமா?

போட்டோவைப் பாத்து ஓம் எண்டு நான் சொல்லவே மாட்டன். நஞ்சு இருக்கோ எண்டு வெள்ளிக் காசு போட்டுப் பாக்கிறது, உள்ளி போட்டுப் பாக்கிறது எல்லாம் பொய். தெரியாததைச் சட்டியில போடாதேங்கோ.