பன்றி வேட்டை ஈட்டியில குறுக்குக் கட்டை எதுக்கு?

குத்தினா பன்னி அங்கயே நின்னுடும்னு நெனைக்கிறோம், நிக்காது, அதான் பிரச்சனையே. ஜெர்மனில இதுக்குன்னே சௌஃபெடர்னு ஒரு ஈட்டி இருக்கு, அலகுக்குக் கீழ குறுக்கா கட்டை வச்சிருப்பாங்க, அது இல்லேன்னா ஈட்டி உள்ள இறங்க இறங்க பன்னி முன்னாடி தள்ளிக்கிட்டே வந்து ஆளக் கிழிச்சிடும். பிடில தோல்வார் சுத்தி ஆணி அடிச்சிருப்பாங்க, கை வழுக்கக் கூடாதுல்ல.

ஆண் பன்னிக்கு தோள்பட்டைல தோலுக்கடியில கவசம் மாதிரி கெட்டியான திசு இருக்கும். கீழ்க்கோரைப்பல் மேல்பல்லோட உரசி உரசி தானாவே கூராகும், தலைய கீழேருந்து மேல வீசுறப்போ நேரா நம்ம தொடைல படும், அங்க பெரிய ரத்தக்குழாய் ஓடுது, அறுந்தா சில நிமிஷத்துல உயிரே போயிடும். துப்பாக்கி இருந்தாலும் காயம்பட்ட பன்னிய புதருக்குள்ள தனியாத் தேடிப் போகவே கூடாதுங்க.