அந்த மெயிலை அனுப்பிவிடாதீர்கள்

கேள்வி: அமெரிக்காவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தேன். முதுகுத்தண்டு ஆபரேஷனுக்குப் பிறகு உட்கார்ந்து வேலை செய்ய முடியவில்லை. கம்பெனி வழியாக இருந்த டிசெபிலிட்டி இன்ஷூரன்ஸில் கிளெய்ம் போட்டேன். ‘உட்கார்ந்து செய்யும் வேலையை உங்களால் செய்ய முடியும்’ என்று மறுத்துவிட்டார்கள். கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. ‘மறுபரிசீலனை செய்யுங்கள்’ என்று பேருக்கு ஒரு மெயில் தட்டிவிட்டு, கேஸ் போட்டுவிடலாம் என்கிறார் கணவர். சரிதானா?

பதில்: சகோதரி, அந்த மெயிலை இன்னும் அனுப்பவில்லையே? நல்லது, அனுப்பாதீர்கள்.

கணவரின் கோபம் நியாயம்தான். ஆனால் தனியார் கம்பெனி வழியாக வரும் பாலிசிக்குப் பெரும்பாலும் 1974-இல் வந்த எரிசா என்ற மத்தியச் சட்டம்தான் பொருந்தும். (நீங்களே தனியாக வாங்கிய பாலிசி என்றால் மாநிலச் சட்டம், அது வேறு கதை.) எரிசா வழக்கில் பொதுவாக ஜூரி கிடையாது. கூண்டில் ஏறி உங்கள் வலியைச் சொல்லவும் அநேகமாக வழியில்லை. அப்பீல், அதாவது இன்ஷூரன்ஸ்காரர்களிடமே கேட்கும் மறுபரிசீலனை, முடியும்வரை அவர்களின் ஃபைலில் என்னென்ன காகிதம் சேர்ந்ததோ, பெரும்பாலும் அதை மட்டும் வைத்துத்தான் நீதிபதி தீர்ப்பு சொல்வார். ஜெயித்தால் பாக்கித் தொகை வரும், வக்கீல் செலவும் கிடைக்கலாம். மன உளைச்சலுக்கென்று நஷ்ட ஈடு வராது.

ஆக, பேருக்கு ஒரு மெயில் தட்டிவிட்டு வெறும் ஃபைலோடு கோர்ட்டுக்குப் போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். மறுப்புக் கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து அப்பீலுக்கு 180 நாள் உண்டு. முதல் வேலையாக கிளெய்ம் ஃபைல் முழுவதையும் எழுத்தில் கேளுங்கள். இலவசமாகத் தந்தாக வேண்டும். உங்களை நேரில் பார்க்காமலே, காகிதங்களைப் புரட்டிவிட்டு ஒரு டாக்டர் கருத்து எழுதியிருக்கக்கூடும். அதற்கு வரிக்கு வரி பதில் வேண்டும்.

அந்தப் பதில் உங்கள் டாக்டரிடமிருந்து வர வேண்டும். ‘இவரால் வேலை செய்ய முடியாது’ என்ற ஒற்றை வரிக் கடிதத்தோடு பலர் கோட்டை விடுகிறார்கள். எத்தனை நிமிடம் தொடர்ந்து உட்கார முடியும், அப்புறம் எவ்வளவு நேரம் படுக்க வேண்டும், மாத்திரையால் கவனம் எப்போது தடுமாறுகிறது, எம்ஆர்ஐயில் எது இதைக் காட்டுகிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். உள்ளதை உள்ளபடி. நீங்கள் மளிகைப் பை தூக்குவதை மறைந்திருந்து வீடியோ எடுக்கிற ஆட்களும் இந்தத் தொழிலில் உண்டு. கூடவே, உங்கள் வேலை தினமும் என்ன கேட்டது என்று பழைய மேனேஜரோ சக ஊழியரோ ஒரு பக்கம் எழுதித் தந்தால் பலம்.

அப்பீலுக்கு 45 நாளில் பதில் வர வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னொரு 45 நாள் எடுத்துக்கொள்ளலாம். அதிலும் மறுத்தால்தான் கேஸ். பாலிசியிலேயே வழக்குக்குக் கெடு வைத்திருந்தால், அது எந்தத் தேதியில் முடிகிறது என்று அந்த இரண்டாவது மறுப்புக் கடிதத்திலேயே சொல்லியாக வேண்டும்.

எரிசா தெரிந்த வக்கீலை இப்போதே பாருங்கள். ஜெயித்தால் மட்டும் பங்கு வாங்கிக்கொள்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். 170-ஆவது நாளில் போய் நின்றால் அவராலும் டாக்டர் கடிதத்தை வரவழைக்க முடியாது.