ஒரே லேண்ட்லைனில் ஃபோனும் ஃபேக்ஸும்: லைன் ஷேரிங் ஸ்விட்ச் பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஒரே லைனில் ஃபோனையும் ஃபேக்ஸையும் ஷேரிங் ஸ்விட்ச் வழியாக இணைத்திருக்கிறோம். வருவது பேச்சா, ஃபேக்ஸா என்று அந்தப் பெட்டிக்கு எப்படித் தெரிகிறது?

பதில்: ரிங் வந்ததும் பெட்டி தானே அழைப்பை எடுத்துவிடுகிறது. லைனின் இரு கம்பிகளுக்கும் குறுக்கே ஒரு சுமையை இணைத்து, ஏறத்தாழ 20 மில்லியாம்பியரோ அதற்கு மேலோ மின்னோட்டம் ஓடச் செய்வதுதான் எடுத்தல் என்பது. அதைக் கண்ட எக்ஸ்சேஞ்ச், யாரோ ரிசீவரைத் தூக்கிவிட்டதாக எண்ணி ரிங்கை நிறுத்திவிடும். அதற்குப் பிறகு அழைப்பவர் காதில் விழும் மணியோசை எக்ஸ்சேஞ்ச் தருவதல்ல, பெட்டியே உருவாக்குவது. அந்த ஓசை ஒலித்துக்கொண்டிருக்கும்போதே, மறுமுனையிலிருந்து 1100 ஹெர்ட்ஸ் ஒலி வருகிறதா என்று பெட்டி கவனிக்கிறது. தானாக டயல் செய்யும் ஃபேக்ஸ் இயந்திரம் இந்த ஒலியை அரை விநாடி அனுப்பி, 3 விநாடி நிறுத்தி, மீண்டும் அரை விநாடி அனுப்பும். அது கேட்டால் அழைப்பு ஃபேக்ஸ் முனைக்குப் போகும். கேட்காவிட்டால் ஃபோன் முனையில் பெட்டி தன் சொந்த மின்னழுத்தத்தில் மணி அடிக்கும்.

ஆகவே இந்தப் பெட்டி எக்ஸ்சேஞ்ச்சுக்கு ஒரு ஃபோனாகவும், தன் பின்னால் இருக்கும் கருவிகளுக்கு ஒரு எக்ஸ்சேஞ்ச்சாகவும் நடக்க வேண்டியிருக்கிறது. பழுது எதுவாக இருந்தாலும், இந்த இரண்டு வேலைகளில் எதில் அது தவறுகிறது என்று முதலில் பிரித்துப் பார்த்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

கேள்வி: எங்களை அழைப்பவர்கள், யாரும் பேசாத அழைப்புக்கும் கட்டணம் போகிறது என்கிறார்கள். சில ஃபேக்ஸ்களும் வந்து சேருவதில்லை.

பதில்: முதல் புகார் நியாயமானதே. பெட்டி லைனை எடுத்த கணத்திலிருந்து எக்ஸ்சேஞ்ச்சின் கணக்கில் அது பதிலளிக்கப்பட்ட அழைப்பு. நீங்கள் ரிசீவரைத் தூக்கினீர்களா என்பது அதற்குத் தெரியாது. அழைப்பை எடுத்துக் கேட்டுப் பிரிக்கும் முறையில் இதைத் தவிர்க்க வழியில்லை.

இரண்டாவதற்குக் காரணம் பெரும்பாலும் நேரக் கணக்குதான். ஃபேக்ஸ் ஒலியின் நடுவில் பெட்டி லைனை எடுத்திருந்தால், அடுத்த முழு ஒலியைக் கேட்டு முடிக்க ஏறத்தாழ 4 விநாடி ஆகும். உறுதி செய்ய இரண்டு ஒலிகள் வேண்டும் என்று அமைக்கப்பட்ட பெட்டிக்கு ஏழரை விநாடி வரை ஆகலாம். இதற்குப் பிறகும் உங்கள் ஃபேக்ஸ் நான்கு ரிங் கழித்து எடுப்பதாக இருந்தால், அனுப்பும் இயந்திரம் பொறுமையிழந்து துண்டித்துவிட வாய்ப்புண்டு, ஏனெனில் ஃபேக்ஸ் நெறிமுறை இரு இயந்திரங்களும் ஒன்றையொன்று அறிந்துகொள்ள ஏறத்தாழ 35 விநாடிதான் தருகிறது. எனவே ஃபேக்ஸை ஒரே ரிங்கில் எடுக்கும்படி அமையுங்கள். அனுப்புபவர் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு டயல் செய்யும்போது சில பழைய இயந்திரங்கள் 1100 ஹெர்ட்ஸ் ஒலியை அனுப்புவதே இல்லை. அத்தகைய அழைப்பு ஃபோனுக்குத்தான் வரும். பெட்டியின் கையேட்டில் உள்ள குறியீட்டை ஃபோனில் அழுத்தி அதை ஃபேக்ஸுக்கு மாற்றிவிட வேண்டும்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த பெட்டி. அழைத்தவர் வைத்துவிட்ட பிறகும் எங்கள் லைன் வெகுநேரம் எங்கேஜ் ஆகவே இருக்கிறது. பெட்டி பழுதா?

பதில்: அநேகமாகப் பழுது இல்லை. அமெரிக்காவில் பல எக்ஸ்சேஞ்ச்கள், மறுமுனை வைத்துவிட்டால் லைன் மின்னோட்டத்தை ஒரு கணம் துண்டித்துக் காட்டும். அங்கே விற்கும் பெட்டிகள் அந்தத் துண்டிப்பைப் பார்த்துத்தான் லைனை விடுகின்றன. நம் எக்ஸ்சேஞ்ச்களில் பொதுவாக மின்னோட்டம் தொடர்ந்து ஓட, பிஸி டோன் மட்டும் வரும். அது 400 ஹெர்ட்ஸ் ஒலி, 0.75 விநாடி ஒலித்து 0.75 விநாடி ஓயும். இந்தத் தாளத்தை அடையாளம் காணத் தெரியாத பெட்டி, தனக்குள் அமைந்த நேர வரம்பு முடியும் வரை லைனைப் பிடித்துக்கொண்டே இருக்கும். பிஸி டோன் அமைப்பை மாற்றும் வசதி அதில் இருந்தால் இந்திய அளவுகளைக் கொடுங்கள். இல்லையென்றால், என் கருத்தில், அந்தப் பெட்டியோடு போராடுவதை விட வேறொன்று வாங்குவதே மேல்.

கேள்வி: பழைய ஷேரிங் ஸ்விட்ச்களைச் சரிபார்த்து விற்கிறேன். எக்ஸ்சேஞ்ச் லைனைத் தொடாமல் மேசையிலேயே முழுமையாகச் சோதிக்க முடியுமா?

பதில்: முடியும், அதுதான் சரியான முறையும்கூட. எக்ஸ்சேஞ்ச் லைனைப் போல நடிக்கும் லைன் சிமுலேட்டர் கிடைக்காவிட்டால், சாதாரண ஃபோனை இணையத்தோடு இணைக்கும் வாய்ப் (VoIP) அடாப்டர், இரண்டு ஃபோன் முனைகள் உள்ளது ஒன்று போதும். ஒரு முனையை எக்ஸ்சேஞ்ச் லைனாகக் கருதிப் பெட்டியில் செருகுங்கள். மற்ற முனையில் ஒரு ஃபோனையோ ஃபேக்ஸையோ வைத்து அங்கிருந்து அழையுங்கள். ஒலியைச் சுருக்கும் கோடெக் (ஒலியை எண்களாக்கும் முறை) ஃபேக்ஸ் ஒலியைச் சிதைக்கும் என்பதால், அப்படிச் சுருக்காத ஜி.711 கோடெக் மட்டும் இயங்கும்படி வையுங்கள். ரிங்கை 25 ஹெர்ட்ஸுக்கும், 0.4 விநாடி ஒலி, 0.2 ஓய்வு, 0.4 ஒலி, 2 விநாடி ஓய்வு என்ற நம் தாளத்துக்கும் மாற்றுங்கள். பல அடாப்டர்களில் இந்த வசதி உண்டு.

முதலில் லைன் பக்கம். பெட்டி சும்மா இருக்கையில் லைனில் ஏறத்தாழ 48 வோல்ட் டி.சி. இருக்க வேண்டும், எடுத்ததும் அது பத்து வோல்ட்டை ஒட்டி இறங்க வேண்டும். சும்மா இருக்கும்போதே மின்னழுத்தம் தாழ்ந்திருந்து, பெட்டியைக் கழற்றியதும் ஏறினால், உள்ளே கசிவு இருக்கிறது. மிகை மின்னழுத்தத்திலிருந்து பெட்டியைக் காக்கும் வேரிஸ்டர் என்ற பாகம் இடி மின்னலில் அடிபட்டிருக்கலாம், அதை முதலில் சந்தேகியுங்கள்.

அடுத்து ஃபோன் பக்கம். ஒரே ஒரு ஃபோனில் மணி அடித்தால் போதும் என்று விட்டுவிடக் கூடாது. பெட்டி தாங்கும் என்று சொல்லப்பட்ட எண்ணிக்கையில் ஃபோன்களை இணைத்து, மணி அடிக்கும்போதே ஏ.சி. மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். இங்கே மீட்டரை அப்படியே நம்பிவிடாதீர்கள். பல பெட்டிகள் சைன் அலைக்குப் பதிலாகச் சதுர அலையில் மணி அடிக்கின்றன. சைன் அலைக்கென அளவிடப்பட்ட மலிவான மீட்டர் சதுர அலையைச் சுமார் 11 சதவீதம் கூட்டியே காட்டும். வெறும் கையால் முனைகளைத் தொடவும் கூடாது. ரிங் மின்னழுத்தம் சுருக்கென்று அடிக்கும்.

பிரிக்கும் திறனைச் சோதிக்க, 1100 ஹெர்ட்ஸ் ஒலியைச் சரியான தாளத்தில் தாருங்கள். விதிமுறை 38 ஹெர்ட்ஸ் வரை ஏற்ற இறக்கத்தை அனுமதிப்பதால் 1062, 1138 ஆகிய இரு எல்லைகளிலும், ஒலியளவைக் குறைத்தும் முயலுங்கள். அதோடு பொய்யான அடையாளத்தையும் சோதிக்க வேண்டும்: நீண்ட பேச்சு, பாட்டு, சீட்டி ஆகியவற்றை ஒலிக்கவிட்டால் பெட்டி ஃபேக்ஸுக்குத் தாவக் கூடாது. பெட்டியின் போலி மணியோசை 400 ஹெர்ட்ஸ் சதுர அலையாக இருந்தால், அதிலேயே 1200 ஹெர்ட்ஸ் கலந்திருக்கும். வடிகட்டி தளர்ந்த பெட்டி தன் ஓசையிலேயே ஏமாறுவது இதனால்தான்.

கடைசியாகப் பெட்டிக்கு மின்சாரம் தரும் பவர் அடாப்டரைப் பிடுங்கிவிட்டு ஃபோனை எடுத்துப் பாருங்கள். மின்சாரம் இல்லாதபோது ரிலே (மின்காந்தத்தால் இயங்கும் ஸ்விட்ச்) தளர்ந்து ஃபோனை நேராக லைனோடு சேர்க்கும் வகைப் பெட்டியில் டயல் டோன் வர வேண்டும். வராவிட்டால் ரிலே முனைகள் கரி பிடித்திருக்கலாம். இந்தச் சோதனையில் தோற்றதை விற்காதீர்கள்.

கேள்வி: எங்களிடம் இருப்பது மின் இணைப்பே தேவைப்படாத சிறு பெட்டி. ஒரு ஃபோனில் பேசும்போது மற்றது செத்துவிடுகிறது. அது எப்படி?

பதில்: அது அழைப்பைப் பிரிப்பதில்லை, தனிமையை மட்டும் காக்கிறது. ஒவ்வொரு ஃபோனுக்கும் முன்னால், ஏறத்தாழ 30 வோல்ட்டுக்கு மேல் கிடைத்தால்தான் கடத்தத் தொடங்கும் டயக், ட்ரையக் என்ற குறைக்கடத்தி ஸ்விட்ச்களின் சுற்று இருக்கும். ஓய்வில் 48 வோல்ட் இருப்பதால் முதலில் எடுக்கும் ஃபோன் திறந்துகொள்கிறது. உடனே லைன் பத்து வோல்ட் அளவுக்கு இறங்கிவிட, இரண்டாவது ஃபோனால் திறக்க முடியாது. மழைக்காலத்தில் இரண்டு ஃபோனுமே செத்தால் பெட்டியைக் குறை சொல்லாமல், ஈரம் புகுந்த கம்பி இணைப்பால் ஓய்வு மின்னழுத்தமே இறங்கியிருக்கிறதா என்று அளந்து பாருங்கள்.

கேள்வி: அதே லைனில் பிராட்பேண்டும் இருக்கிறது. ஷேரிங் ஸ்விட்ச்சை எங்கே வைப்பது?

பதில்: ஃபோன் ஒலியையும் பிராட்பேண்டையும் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரின் ஃபோன் முனைக்குப் பின்னால். மோடம் ஸ்ப்ளிட்டரின் மோடம் முனையிலேயே இருக்கட்டும். அது ஷேரிங் ஸ்விட்ச்சின் வழியாகப் போகவே கூடாது.