கேள்வி – பதில்: ஒரே ‘டிவ்’, இரண்டு வேலை

கேள்வி: எஸ்டி கார்டு கன்ட்ரோலருக்கான டிரைவர் (அந்தச் சிப்பை இயக்கும் நிரல்) ஒன்றைப் பராமரிக்கிறேன். கிளாக்கை அமைக்கும் ஃபங்ஷனில் ‘டிவ்’ என்ற மாறி லூப்பில் இரண்டிரண்டாக ஏறுகிறது, பிறகு ஒரு பிட் வலப்பக்கம் தள்ளப்படுகிறது, அப்புறம் மாஸ்க் (வேண்டிய பிட்களை மட்டும் எடுப்பது), ஷிஃப்ட் (அவற்றை நகர்த்துவது), மறுபடி மாஸ்க், ஷிஃப்ட். சரியாகத்தான் ஓடுகிறது. ஆனால் புதிதாகப் படிப்பவர் யாருக்கும் புரிவதில்லை. எங்கே கை வைப்பது?

பதில்: பெயரில். லூப்புக்குள் ‘டிவ்’ என்பது வகு எண், அதாவது மூலக் கிளாக்கை எதனால் வகுப்பது என்ற எண். தள்ளிய பிறகு அதுவே ரெஜிஸ்டரில் (கன்ட்ரோலருக்குள் அமைப்பு எண்களை வைக்கும் இடத்தில்) எழுதும் எண். குழப்பத்தில் பாதி இங்கேதான். எஸ்டி ஹோஸ்ட் கன்ட்ரோலர் 3.00 பதிப்பில் ரெஜிஸ்டரில் 3 எழுதினால் கிளாக் 6-ஆல் வகுபடும். 0 என்றால் வகுத்தலே இல்லை. 10 பிட் என்பதால் 1023 வரை எழுதலாம், அதாவது 2046-ஆல் வகுக்கலாம். 2.00 பதிப்பில் 8 பிட்தான். வகு எண்ணும் 2, 4, 8 என்று இரட்டித்தே 256 வரை போகும். ஆகவே இரண்டு எண்ணுக்கும் இரண்டு மாறிகள், இரண்டு பதிப்புக்கும் இரண்டு சிறு ஃபங்ஷன்கள்.

அடுத்தது அந்த மாஸ்க் வரிசை. 10 பிட்டும் அடுத்தடுத்து இல்லை. பழைய 8 பிட் 15 முதல் 8 வரை இருந்த இடத்திலேயே இருக்க, மேல் 2 பிட் மட்டும் 7, 6-இல் ஒட்டவைக்கப்பட்டிருக்கின்றன. இதைக் கமென்ட்டில் வர்ணிப்பதைவிட ஓர் உதாரணம் போடுங்கள்: 208 மெகாஹெர்ட்ஸிலிருந்து 400 கிலோஹெர்ட்ஸ் வேண்டும், வகு எண் 520, ரெஜிஸ்டர் எண் 260, ஹெக்ஸில் 104. கீழ் 04 இடப்பக்கம் 8 தள்ளிப் போகும், மேல் 1 ஆறாம் பிட்டில் விழும். முடிவு ஹெக்ஸ் 0440. மேல் பிட்டை மறந்தால் மிஞ்சுவது 4, வகு எண் 8, கிளாக் 26 மெகாஹெர்ட்ஸ். அடையாளம் காணும் கட்டத்தில் 400 கிலோஹெர்ட்ஸைத் தாண்டக் கூடாது என்பதால் கார்டு பேசாமல் இருந்துவிடலாம். உங்களுக்குத் தெரிவது வெறும் டைம்அவுட்தான்.

லினக்ஸ் கெர்னலில் என்றால் மாஸ்க்கை உருவாக்கும் ஜென்மாஸ்க், எண்ணை அதன் பிட் இடத்தில் வைக்கும் ஃபீல்ட்-ப்ரெப் ஆகிய மேக்ரோக்கள் ஷிஃப்ட்டைப் பார்த்துக்கொள்ளும். அதற்காக எல்லாவற்றையும் ஒரே வரியில் அடைக்க வேண்டாம்.

கேள்வி: லூப்பை எடுத்துவிட்டு, மூலக் கிளாக்கைத் தேவையான வேகத்தின் இரு மடங்கால் நேரே வகுத்தேன். சில கார்டுகளில் சிஆர்சி பிழை (தரவு சிதைந்ததைக் காட்டும் சரிபார்ப்புப் பிழை) வருகிறதே?

பதில்: முழு எண் வகுத்தல் பின்னத்தை வெட்டிவிடும். 50 மெகாஹெர்ட்ஸ் கேட்டால் அதன் இரு மடங்கு 100. 208-ஐ 100-ஆல் வகுத்தால் 2.08, வெட்டினால் 2, கிளாக் 52 மெகாஹெர்ட்ஸ். ஹை-ஸ்பீடு வரம்பான 50-ஐத் தாண்டியாயிற்று. சில கார்டு பொறுத்துக்கொள்ளும், சில பொறுக்காது. மேல்நோக்கி முழுமையாக்கினால் 3, சுமார் 34.67 மெகாஹெர்ட்ஸ். வேகம் குறைகிறதே என்று தோன்றும், ஆனால் இந்த மூலக் கிளாக்கில் வரம்புக்குள் கிடைக்கும் அதிகபட்சம் அதுதான்.

இன்னொன்று: கேட்ட வேகம் மூலக் கிளாக்குக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால் முதலிலேயே 0 திருப்பிவிடுங்கள். இல்லையேல் மேல்நோக்கிய வகுத்தல் 1 கொடுத்து, 208 கேட்ட இடத்தில் 104 கிடைக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. கார்டு மெதுவாக இருக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: மாற்றிய பின் எதுவும் கெடவில்லை என்று எப்படி உறுதிசெய்வது?

பதில்: கணக்கிடும் ஃபங்ஷன் ரெஜிஸ்டரைத் தொடக் கூடாது. கிளாக்கை நிறுத்துவது, எழுதுவது, நிலைப்படக் காத்திருப்பது, திறப்பது எல்லாம் வேறு ஃபங்ஷனில் இருக்கட்டும். அப்போது பழைய கணக்கையும் புதியதையும் கார்டே இல்லாமல் மேசைக் கணினியில் ஓட்டி, 100 கிலோஹெர்ட்ஸ் முதல் 208 மெகாஹெர்ட்ஸ் வரை விடைகளை ஒப்பிடலாம்.